சும்மா கிடைக்கிற சாமான யார் வாங்குவார்?

போன வருசம் நாங்க மூணு பேர் எங்கட பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். அவங்கட இணையத்தளம் ரெண்டு வருசமா அப்படியே கிடந்தது. முகப்பில, எப்பவோ மாற்றலாகிப் போன அதிகாரியின் வாழ்த்துச் செய்தி. ஜூம்லாவில புதுசாக் கட்டித் தாறம், மென்பொருளுக்கு ஒரு சதமும் தேவையில்லை என்றோம். சேர் பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணியும் வந்தது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மனே, இது சும்மா கிடைக்கிற சாமான் எண்டா, நாளைக்கு உடைஞ்சா நான் யாரிட்டப் போய்க் கேக்கிற?"

"இன்டர்நெட்ல ஆயிரக்கணக்கான ஆக்கள் உதவுவாங்க சேர்" என்று எங்களில் ஒருத்தன் சொன்னான். சேர் சிரித்துவிட்டு பைலை மூடினார். கதை முடிஞ்சிது.

வீரமுனைக்குத் திரும்பி வந்து திண்ணையில குந்தி அவரை நல்லாத் திட்டினோம். பழைய ஆள், கொம்பியூட்டர் விளங்காது, அது இது எண்டு. பிறகு இந்தக் கட்டுரைக்காகத் தேடி வாசிக்க வெளிக்கிட்டபோதுதான் விளங்கியது, அவர் கேட்டது உலகத்துப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் கால் நூற்றாண்டாகக் கேட்டுவருகிற அதே கேள்வி. திறந்த மூல மென்பொருளை விற்றவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் கண்டுபிடித்த பிறகுதான் விற்றிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்குமே நேரமில்லாமல் போன ஒரு தருணமும் சரித்திரத்தில் உண்டு. அது நடந்ததற்குக் காரணம் எங்கட கடல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரு ஊர் விடாமல் கடல் ஏறிய காலையைப் பற்றி எங்கட வாசகர்களுக்கு நாங்க சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 10,000க்கும் மேல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும். நாட்டிலேயே கூடுதலான இழப்பு இங்கேதான். கரையிலிருந்து ஓடிவந்த சனம் மாவடிப்பள்ளி தாண்டி சம்மாந்துறைப் பக்கம் நிறைந்தது. பாடசாலை, பள்ளிவாசல், கோயில், தெரிஞ்ச வீடு, தெரியாத வீடு.

அதற்குப் பிறகு வந்தது பட்டியல்களின் காலம். கிராம சேவகரிடம் ஒரு பட்டியல், முகாம் பொறுப்பாளரிடம் இன்னொன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, வந்திறங்கிய ஒவ்வொரு தொண்டு நிறுவனத்திடமும் ஒவ்வொன்று. ஒரே குடும்பம் மூன்று இடத்தில் பதிவாகும், பக்கத்துக் குடும்பம் ஒரு இடத்திலும் இருக்காது. ஒரே ஆளின் பெயர் ஒரு தாளில் முஹம்மது, இன்னொரு தாளில் மொஹமட், மற்றொன்றில் வெறும் எம். (காணாமல் போனவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எங்கட ஊர்களுக்கு 2004இல் வந்ததுமல்ல. 1990 ஓகஸ்ட்டின் பெயர்கள் வீரமுனையிலும் இருக்கு, முஸ்லிம் ஊர்களிலும் இருக்கு. அதை எழுத இந்தக் கட்டுரை போதாது.)

கொழும்பிலும் இதே குழப்பம், இன்னும் பெரிய அளவில். அந்த வாரமே அங்கே மென்பொருள் துறை ஆட்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாகக் கூடி ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். பெயர் சஹானா. எங்களுக்கு அது ஒரு இராகம். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்ற அமைப்பு இந்த வேலையைத் தாங்கி நின்றது. 2003இல் இலங்கையில் திறந்த மூல மென்பொருளை வளர்ப்பதற்காக சஞ்சீவ வீரவரண தொடங்கிய அமைப்பு அது. சஹானாத் திட்டத்தைப் பிறகு முன்னின்று நடத்தியவர் சாமிந்திர டி சில்வா.

உள்ளே இருந்தது பெரிய மாயமொன்றுமில்லை. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், அப்பாச்சி. ஜூம்லா, ட்ரூபல் போன்ற உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள் ஓடுகிற அதே சாமான்கள்தான். அவற்றில் கோட் தெரியாத ஒருவர் செய்தியையும் படத்தையும் ஏற்றலாம். இதில் கோட் தெரியாத ஒருவர் காணாமல் போன பிள்ளையின் பெயரை ஏற்றலாம். எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன செய்கிறது, எங்கே பால்மா முடிஞ்சு போச்சு என்பதெல்லாம் ஒரே இடத்தில்.

சில வாரங்களுக்குள் அது ஜனாதிபதி செயலகத்தில் அமைந்த தேசிய செயற்பாட்டு மையத்துக்குள் போய்விட்டது. இதைத்தான் நாங்க திரும்பத் திரும்ப யோசித்தோம். ஒரு நாட்டின் உச்ச அலுவலகம், எந்தக் கொம்பனியும் செய்யாத, எவரும் விற்காத ஒரு மென்பொருளை ஏற்றுக்கொண்டது. விலைமனு கோரி, மூன்று வருடக் கணக்கறிக்கை பார்த்து, பிணைப்பணம் வாங்கித் தெரிவு செய்ய அந்த நாட்களில் யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. "உடைஞ்சா யாரிட்டக் கேக்கிற" என்ற கேள்வியும் எழவில்லை. எழுதிய பொடியன்மார் பக்கத்திலேயே இருந்தார்களே.

அந்த மையம் கொஞ்ச காலம்தான் இருந்தது. 2005இன் தொடக்கத்திலேயே வேலைகள் தனித்தனிச் செயலணிகளுக்குக் கைமாறின. ஆள் மாறினால், அலுவலகம் மாறினால், சும்மா வந்த மென்பொருளைக் கூட்டிக்கொண்டு போக யாரும் இல்லை. விலை கொடுத்து வாங்கிய சாமான் என்றால் பொருட்பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். வருட முடிவில் கணக்காய்வாளர் வந்து "இது எங்கே" என்று கேட்பார். இனாமாக வந்ததை எவரும் தேடமாட்டார். எங்கட சேர் பயந்ததும் இதுக்குத்தான் எண்டு இப்ப நினைக்கிறோம். பொறுப்பு முழுக்க அவர் தலையில் வரும், ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ள மறுபக்கம் ஒரு கையொப்பம் இல்லை.

சஹானாக்காரர் இதைப் புரிந்துகொண்டார்களோ என்னவோ, அடுத்த கட்டத்தை வேறு விதமாகச் செய்தார்கள். சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சீடாவின் பணத்தில் மென்பொருளை முதலிலிருந்து திருப்பி எழுதினார்கள். இலங்கைக்கும் சுனாமிக்கும் மட்டும் என்றிருந்தது, எந்த நாட்டுக்கும் எந்த அனர்த்தத்துக்கும் என்று ஆனது. அனுமதிப்பத்திரமும் கொம்பனிகள் பயமில்லாமல் தொடக்கூடிய வகையில் அமைந்தது. பிறகு அது பயணம் போனது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், அங்கே தேசிய அடையாள அட்டைகளைக் கையாளுகிற நாத்ரா அதைப் பயன்படுத்தியது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் தெற்கு லெய்ட்டே மண்சரிவு, மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம். 2007இல் பெரு. 2008இல் சீனாவின் சிச்சுவான், 2010இல் ஹெயிட்டி.

பட்டியலாகப் பார்த்தால் வெற்றிப் பயணம் மாதிரித்தான் கிடக்கு. யார் யார் எடுத்தார்கள் என்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும். நாத்ராவிடம் சொந்தமாகக் கொம்பியூட்டர் ஆட்கள் இருந்தார்கள். எடுத்ததை அவர்களே திருத்திக்கொள்ளலாம். வேறு இடங்களில் சஹானாவுக்குப் பக்கத்தில் ஐ.பி.எம். நின்றது. அனர்த்தம் நடந்த நாடுகளுக்கு உதவி செய்ய ஐ.பி.எம். வைத்திருந்த குழு சஹானாவை எடுத்து அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தது. ஐ.பி.எம்.மின் சாமானை வாங்கியதற்காக எந்த அதிகாரிக்கும் வேலை போனதில்லை என்று அந்தத் துறையில் ஒரு பழைய பேச்சு உண்டு. லினக்சுக்கும் இதுதான் நடந்தது. 2001இல் லினக்சுக்காக 100 கோடி டொலர் செலவழிக்கப் போவதாக ஐ.பி.எம். அறிவித்த பிறகு, அதுவரை அதைப் பொடியன்மாரின் விளையாட்டு என்று பார்த்த வங்கிகளும் அரசுகளும் திரும்பிப் பார்த்தன. அதுக்காக லினக்சின் கோடில் ஒரு வரிகூட மாறத் தேவைப்படவில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பெரிய ஆள் வந்திருந்தார், அவ்வளவுதான்.

2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஃபிரீ சொப்ட்வெயார் பவுண்டேசன் சஹானாவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம் அந்த விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. நியூயோர்க் மாநகரின் அவசரகால முகாமைத்துவ அலுவலகம், புயல் வந்தால் மக்களைத் தங்கவைக்கும் இடங்களைக் கையாள இதன் ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், காணாமல் போனவர்களைத் தேடும் தன்னுடைய முறைமையை சஹானாவிலிருந்து கட்டியது. கல்முனைக் கரையில் பிள்ளையைத் தேடிய தாய்மாருக்காக எழுதத் தொடங்கியது நியூயோர்க்கின் புயல் திட்டத்துக்குள் இருக்கு என்பதை வாசித்தபோது எங்களில் கனபேருக்கு அது முதல் தரம் கேள்விப்படுகிற சங்கதி. பாடப்புத்தகத்தில் கண்டதாக ஞாபகமில்லை.

2009இல் சஹானா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்று தனி அமைப்பொன்று அமெரிக்காவில் பதிவானது. அதை நிறுவியவர்களில் ஒருவர் மெரிலாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லுயிக்கா ராஷித், இலங்கையில் பிறந்தவர். நியூயோர்க் மாதிரி ஒரு நகரம் கையொப்பமிட வேண்டுமென்றால் எதிரில் சட்டப்படி ஒரு ஆள் இருக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் குழுவோடு ஒப்பந்தம் எழுத முடியாது. அந்த "ஆள்" கலிபோர்னியாவில்தான் பிறக்க வேண்டியிருந்தது என்பது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். காசும் வாடிக்கையாளரும் அங்கே இருந்தால் பதிவும் அங்கேதான் என்பது விளங்காமலும் இல்லை.

சஹானாவை விற்பதில் இன்னொரு சிக்கல். அனர்த்தம் வந்த அன்று எல்லோருக்கும் வேண்டும், ஆனால் அன்று பழக்க நேரமில்லை. அனர்த்தம் வராத நாளில் பழக்கலாம், ஆனால் அன்று யாருக்கும் வேண்டாம். இதற்கு மாதாமாதம் யார் காசு கட்டுவார்?

அதே ஆட்களில் ஒருவர் வேறொரு பதிலோடு கிளம்பினார். சஞ்சீவ வீரவரண நியூயோர்க்கில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு நாடு திரும்பியவர். 2005 ஓகஸ்ட்டில், சுனாமி நடந்து எட்டு மாதத்தில், போல் பிரிமான்டில் போன்றவர்களோடு சேர்ந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற கொம்பனியைத் தொடங்கினார். ஓ2 என்றால் ஒக்சிசன். அவர்கள் செய்தது, ஒரு பெரிய நிறுவனத்துக்குள் இருக்கிற பத்துப் பதினைஞ்சு வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைக்கிற இடை மென்பொருள். கண்ணுக்குத் தெரியாத சாமான், ஒரு ஊரின் நீர்க்குழாய் மாதிரி.

முழுவதும் திறந்த மூலம். யாரும் இறக்கலாம், மாற்றலாம். காசு கட்டினவருக்கு ஒரு நல்ல பதிப்பு, சும்மா எடுத்தவருக்கு ஒரு நொண்டிப் பதிப்பு என்ற வேலையெல்லாம் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. விற்றது ஆதரவுச் சந்தாவை. நடுச்சாமத்தில் உடைந்தால் கோல் எடுக்க ஒரு இலக்கம், அந்தப் பக்கம் அந்தக் கோடை எழுதிய ஆளே. 2012 அளவில் ஈபே நிறுவனம் ஒரு நாளைக்கு 100 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை இவர்களின் மென்பொருள் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. 2024இல் சுவீடனின் ஈ.க்யூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து டபிள்யூ.எஸ்.ஓ.2ஐ வாங்கியது. சும்மா கிடைக்கிற சாமானுக்கு!

உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகளின் உலகத்திலும் இதே பாதைதான். ட்ரூபலை டிரீஸ் பொய்டார்ட் பெல்ஜியத்தில் மாணவனாக இருந்தபோது எழுதி 2001இல் திறந்துவிட்டார். பல்லாயிரம் பேர் பாவித்தும் பெரிய இடங்கள் தயங்கின. 2007இல் அவரே அக்வியா என்ற கொம்பனியை இணைந்து நிறுவி ட்ரூபலுக்குப் பொறுப்பு நிற்கும் வேலையைத் தொடங்கினார். 2009 ஒக்டோபரில் வெள்ளை மாளிகையின் இணையத்தளம் ட்ரூபலுக்கு மாறியது. அந்த வேலையில் அக்வியாவும் இருந்தது. அதற்குப் பிறகு ட்ரூபல் விற்க விளம்பரம் தேவைப்படவில்லை, "வெள்ளை மாளிகையே பாவிக்குது" என்ற ஒரு வசனம் போதும். 2017இல் வெள்ளை மாளிகை வேர்ட்பிரஸ்ஸுக்குப் போய்விட்டது என்பதை ட்ரூபல் விற்பவர்கள் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

ஜூம்லாவின் கதை வேறு மாதிரி. முதலில் அது மாம்போ, அவுஸ்திரேலியாவின் மிரோ என்ற கொம்பனியிடம் பெயர் இருந்தது. கோட் எழுதுபவர்களைக் கேட்காமல் மேலே முடிவுகள் நடக்கிறதென்று 2005 ஓகஸ்ட்டில் எழுதியவர்கள் எல்லோரும் ஒன்றாக வெளியேறிவிட்டார்கள். கோடைக் கொண்டுபோகலாம், பெயரைக் கொண்டுபோக முடியாது. புதுப் பெயருக்கு சுவாகிலி மொழியில் "எல்லாம் சேர்ந்து" என்று பொருள்படும் சொல்லை எடுத்தார்கள். ஓதப்போன ஆட்களுக்கு ஜும்லா என்றால் அரபு இலக்கணத்தில் வசனம். மதரசாவில் படிச்ச எங்கட கூட்டாளி ஒருத்தன் இதைக் கேட்டு ரெண்டு நாள் சிரிச்சான். பெயரும் எழுதியவர்களும் வெவ்வேறு கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று வாங்க வருகிற பெரிய நிறுவனம் இந்தக் கதையைப் பார்த்துத்தான் கேட்கும்.

இதையெல்லாம் வாசித்து முடித்தபோது எங்களுக்கு ஒரு சலிப்பும் வந்தது. டபிள்யூ.எஸ்.ஓ.2உம் அக்வியாவும் கண்டுபிடித்த பதில் சரியான பதில்தான், ஆனால் அதன் விலை டொலரில் இருக்கிறது. பிரதேச சபை ஒன்று அந்தச் சந்தாவைக் கட்டாது. ஐ.பி.எம். சம்மாந்துறைப் பக்கம் வராது. அப்ப எங்கட மாதிரி இடங்களுக்கு என்ன பதில்?

ஒன்று எங்கட கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் நூலகம் ஆய்வுக் கட்டுரைகளை வைத்திருக்கிற இணையக் களஞ்சியம் டிஸ்பேஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடுகிறது. எம்.ஐ.டி. நூலகங்களும் ஹியூலட் பக்கார்ட் கொம்பனியும் சேர்ந்து செய்து 2002இல் வெளிவிட்டது. எங்களுக்குத் தெரிய எந்த விற்பனையாளரும் அதை ஒலுவிலுக்குத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நாட்டின் மற்றப் பல்கலைக்கழக நூலகங்களிலும் அதுதான் பரவலாக ஓடுகிறது. உடைந்தால் இங்கத்தை நூலகர் பேராதனைக்கோ கொழும்புக்கோ கோல் எடுக்கலாம். அங்கே அதே மென்பொருளோடு அதே பாட்டைப் படுகிற இன்னொரு நூலகர் இருப்பார். இதுதான் அது நிலைத்ததற்குக் காரணம் என்று நாங்க நினைக்கிறோம். அன்றைக்கு நாங்க சேரிடம் சொன்ன "ஆயிரக்கணக்கான ஆக்கள்" அவருக்கு முகமில்லாத ஆட்கள். பக்கத்து அலுவலகத்தில் அதே பதவியில் இருக்கிற ஒருவர், அவருக்குத் தெரிந்த ஒருவர், அதே சாமானைப் பாவித்தால் கதை வேறு.

நோன்புப் பெருநாள் கழித்து அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போனோம். இந்தத் தரம் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தையும் முதலில் பேசவில்லை. ஒரே ஒரு தாள் கொண்டுபோனோம். அதில் எங்களில் ரெண்டு பேரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம். ஒன்று வீரமுனை, மற்றது சம்மாந்துறை. வருசத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சின்னத் தொகைதான், ஆனால் சும்மா இல்லை. உடைந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் வருவோம் என்று ஒரு வரி. இதே முறைமை ஓடுகிற பக்கத்து அலுவலகத்தின் பெயரும், அங்கே யாரிடம் விசாரிக்கலாம் என்பதும்.

சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு பக்கத்து அலுவலகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முன்னாலேயே அங்கே கோல் எடுத்தார். பத்து நிமிசம் பேசினார், அதில் எட்டு நிமிசம் யாரோ ஒருவரின் இடமாற்றத்தைப் பற்றி. வைத்துவிட்டு தாளைப் பைலில் குத்தினார்.

"அடுத்த வருச எஸ்டிமேட்டுல போட்டுப் பாப்பம், தம்பிமார். இப்பதான் இது ஒரு சாமான் மாதிரி இருக்கி."